இன்னைக்கி இல்ல தம்பி

அப்பா செத்துப்போன செய்தி வந்தபோது விஜயலெட்சுமி தேயிலைக் கொழுந்து எடுப்பதை நிறுத்தவில்லை.

கணக்கப்பிள்ளை மேல்ரோட்டில் நின்றபடி இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார். "விஜயலெட்சுமீ! பதுளையில இருந்து ஆபீசுக்கு கோல் வந்துச்சு. ஒங்கப்பா தவறிட்டாராம்!"

"சரிங்கய்யா!" என்று அவளும் பதிலுக்குக் கத்தினாள். கைகள் அதுபாட்டுக்குத் தளிரைக் கிள்ளி முதுகுக் கூடைக்குள் எறிந்துகொண்டிருந்தன.

அடுத்த நிரையில் நின்ற நல்லம்மா நிமிர்ந்தாள். லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பரா அறைக்காரி. வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள். "இது எத்தனாவது சாவுடி?"

"எண்ணுறத விட்டுட்டேன்க்கா."

"பாரேன், நம்ம அத்தன பேரையும் அனுப்பி வச்சிட்டுத்தான் அந்த மனுசன் போவாரு."

மலையில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். விஜயலெட்சுமியும் சிரித்தாள். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வருஷத்துக்கு நாலு தடவை செத்துப்போகிற அப்பா வாய்த்தவர்களுக்குத்தான் அவள் பாடு புரியும்.

அவளுடைய அப்பா வீரய்யா, பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூடிக்கிடந்த ஒரு புடவைக்கடை வாசலில் ஏழு வருஷமாகப் படுத்துறங்குகிறவர். படுத்தால் கட்டைதான். மூச்சு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. வாய் பிளந்திருக்கும், ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார். ஊருக்குப் புதுசாக வந்து இறங்குகிறவர்கள் பார்த்ததும் பதறிப்போய் அம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். இன்னும் கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள் அவருடைய சட்டைப்பையில் இருக்கும் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்து, தெமோதரைக்கு மேலே இருக்கிற கல்பீலித் தோட்டத்து ஆபீசுக்கும் ஒரு கோல் போட்டுவிடுவார்கள். காலையில் சாவு வரும். பின்னேரம், ஆள் எழும்பிச் சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார் என்று செய்தி வரும். இப்படியே பழகிப்போயிருந்தது.

பத்து மணித் தேத்தண்ணிக்குக் கூடையை இறக்கியபோதுதான், கீழ்ரோட்டில் ஒரு வெள்ளை வான் நிற்பதை அவள் கண்டாள். நிரைகளுக்கு நடுவே ஒரு தடித்த மனிதர் மூச்சு வாங்கி வாங்கி ஏறி வந்துகொண்டிருந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி. அம்புலன்ஸ் டிரைவர் ஸரூக். பதுளையில் ஒரு நற்பணிச் சங்கம் ஓட்டுகிற வண்டி அது. டவுனுக்குப் போகிறபோதெல்லாம் அவரை அவள் பார்த்திருக்கிறாள், பேசியிருக்கிறாள். ஆனால் கொழுந்து எடுக்கிற மலைக்கு அவர் ஏறி வந்ததில்லை.

அவருடைய கக்கத்தில் தேயிலைப் பெட்டி மூடி ஒன்று இருந்தது. ஒட்டுப்பலகை, ஓரத்தில் தகரப் பட்டி அடித்தது. அந்தப் பலகை ஒரு நாளும் அப்பாவை விட்டுப் பிரிந்ததில்லை.

விஜயலெட்சுமி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கில் கையைத் துடைத்தாள். துடைத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஸரூக் வந்து நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னார். "தங்கச்சி, இந்த முறை மெய்தான். வாங்க, போவம்."

நல்லம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணே, நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். ஸரூக் தலையை மட்டும் ஆட்டினார்.

*

பலகையின் கதை இருக்கட்டும். அதற்கு முன்னால் குழியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தின வாரம். வீரய்யா சாமான் வாங்க பதுளைக்குப் போனவர், காய்ச்சல் தலைக்கேறி, பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சுருண்டு விழுந்துவிட்டார். யாரோ ஒரு புண்ணியவான் அம்புலன்ஸைக் கூப்பிட்டான். வேறொரு புண்ணியவான் தோட்டத்து ஆபீசைக் கூப்பிட்டு, "ஒங்க ஆள் ஒருத்தர் செத்துக் கெடக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டான். அம்புலன்ஸ்காரர்கள் ஆளை அள்ளிக்கொண்டுபோய், ஊசி போட வைத்து, பணிஸ் ரொட்டியும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த நேரம் கல்பீலியில் அரை நாளோடு வேலை நின்றது. தப்பு மேளம் அடித்தார்கள். வெற்றிலை வைத்து அழுதார்கள். நாலு பேர் போய்க் குழி வெட்டினார்கள். விஜயலெட்சுமி பிள்ளை பெற்று முப்பது நாள்தான் ஆகியிருந்தது. பச்சை உடம்போடு மண்ணில் புரண்டு அழுதாள்.

பின்னேரம் மூன்று மணிக்கு அம்புலன்ஸ் லயத்து வாசலில் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து வீரய்யா பாதி பணிஸைக் கையில் பிடித்தபடி இறங்கினார். தப்புச் சத்தத்தைக் கேட்டார், கூட்டத்தைப் பார்த்தார், பதறிப்போனார்.

"அய்யய்யோ, யாரு செத்தது?" என்று கேட்டார்.

இதை இன்றைக்கும் தோட்டத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றைக்கு மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. தோட்டத் தலைவர் முன்னால் வந்து கையை நீட்டி அவரை மறித்தார். குழி வெட்டி, தப்படித்து, அழுது முடித்த ஆள் வாசல் வழியாக வீட்டுக்குள் நுழையக்கூடாது. நுழைந்தால் அந்த வீட்டில் ஒரு இளசு போகும். கூரையைப் பிரித்து மேல்வழியாக இறங்கித்தான் அவர் திரும்ப ஆளாக முடியும். வெட்டின குழியையும் வெறுமனே மூடக்கூடாது என்று ஒரு வாழைத்தண்டை அதில் கிடத்தி, மண் தள்ளி, பாலும் தெளித்தார்கள்.

வாழைத்தண்டுக்கு ஆபீசில் அனுமதி தேவைப்படவில்லை. கூரைத் தகரத்துக்குத் தேவைப்பட்டது. லயம் கம்பனியின் சொத்து. பன்னிரண்டு காம்பராவுக்கும் ஒரே கூரை. ஒரு தகரத்தைக் கழற்றினால் எல்லாம் ஒழுகும், தொட்டால் வேலையை விட்டு நிறுத்துவேன் என்று தோட்டத்து மேனேஜர் துரை சொல்லிவிட்டார். மூன்று தடவை போய்க் கேட்டார்கள். மூன்று தடவையும் அதே பதில்தான்.

வீரய்யா ரெண்டு நாள் விறகுக் கொட்டிலில் படுத்தார். மூன்றாம் நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துபோய் நடுங்கிக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் ஏறி, வாசற்படியில் ஒரு காலை வைத்தார். "சும்மா கதையெல்லாம் பேசுறானுங்க. தள்ளு தாயி, கொஞ்சம் அடுப்புல காஞ்சுக்கிறேன்."

விஜயலெட்சுமி கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். தள்ளவில்லை. "வேணாம்ப்பா," என்றாள். "புள்ளைக்கு ஆவாதுப்பா."

அவர் பிள்ளையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். வைத்த காலை எடுத்துக்கொண்டார். அன்றைக்கே பதுளைக்குப் போனவர்தான்.

தலைவர் சொன்னது, துரை மறுத்தது எல்லாம் ஊருக்குத் தெரியும். வாசலில் நின்று அவள் சொன்னது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அவளுடைய புருஷன் ஜெயரூபனுக்குக்கூட அவள் சொன்னதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி புதுவேட்டியோடு போய் அப்பாவைக் கூப்பிடுவாள். "கூரையத் தொறந்துட்டாங்களா?" என்று கேட்பார். இல்லை என்பாள். "தொறந்தா சொல்லியனுப்பு, பறந்து வந்துருவேன்" என்று சிரிப்பார். பேத்தி கேசினிக்குத் தோடம்பழ முட்டாசி மிட்டாய் வாங்கிக் கொடுத்து அனுப்புவார். அந்தப் பிள்ளைக்காகத்தான் அவர் தெருவில் கிடக்கிறார் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

*

வானின் முன் சீட்டில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். சிங்களம், தமிழ், இங்கிலீஷ் என்று மூன்று பாஷையிலும் பெரிய எழுத்தில் கறுப்புப் பெயின்டால் எழுதியிருந்தது. தமிழில் இருந்தது இதுதான்: 'நான் சாகவில்லை. தூங்குகிறேன். அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டாம்.'

ஸரூக் பேசிக்கொண்டே ஓட்டினார். பேசாவிட்டால் அழுதுவிடுவார் போலிருந்தது.

"ஏழு வருசத்துல ஒங்கட அப்பாக்கு மட்டும் நூத்திப் பதினாலு கோல் தங்கச்சி. எனக்குப் பைத்தியம் பிடிச்சு வரும். ஓடிப்போய்ப் பாத்தா மனுசன் தூங்கிட்டிருப்பார். ரோட்டுல படுக்கிற ஆக்கள கழுத்துல தொடக்கூடா. பதறி எழும்பி அடிச்சிப்போடுவாங்க. நான் கால் பெருவெரலப் பிடிச்சி அமுக்கிக்கொண்டு பத்து எண்ணுவேன். ஒங்கட அப்பா எட்டுல முழிப்பார். கண்ணத் தொறக்கவே மாட்டார். 'இன்னைக்கி இல்ல தம்பி' ன்னு சொல்லிட்டு மத்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து வேறு என்னென்னவோ வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒருநாள் இவர எழுப்பப் போன நேரம் ஒரு புள்ளத்தாச்சிக்குக் கோல் வந்திருக்கு. எங்கள எதிர்பாத்துக் காத்திருந்து, ஏலாமப் போய், கொழுந்து லொறியில ஏத்தி, லொறியிலயே புள்ள பொறந்திச்சு. தாயும் புள்ளயும் தப்பினது அல்லாட காவல். நான் நேரா இவர்கிட்ட வந்து பேசக்கூடாத பேச்செல்லாம் பேசிட்டேன். 'நீ தூங்கிற தூக்கத்துக்கு ரெண்டு உசிரு போகப் பாத்திச்சுடா' ன்னு சொன்னேன். அடுத்த நாள் வெள்ளன சங்கத்துக் கதவத் தொறந்தா, வாசல்ல இந்தப் பலகைய வெச்சிக்கொண்டு நிக்கிறார். 'இதுல எழுதிக் குடுங்க' ங்கிறார். நம்ம குமாரசிங்கம் மாஸ்டர்தான் எழுதிக் குடுத்தது."

பலகையைத் தலைமாட்டில் நிறுத்திவிட்டுத்தான் அதற்குப் பிறகு வீரய்யா கண்ணை மூடுவார். ஊர் வாசித்துவிட்டுச் சிரிக்கும். வெள்ளைக்காரர்கள் படம் பிடிப்பார்கள். இதெல்லாம் விஜயலெட்சுமிக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றை ஸரூக் சொன்னார்.

"இன்னொண்டு. அந்தக் கடை வரிசையில படுக்கிற அத்தன பேரையும் இவர்தான் காலையில பெருவெரலப் பிடிச்சிப் பாப்பார். என்னப் பாத்துப் பழகினது. யாருக்காவது உண்மையா ஏலாமப் போனா, எதுத்த ஓட்டலுக்கு ஓடி அவரே கோல் எடுப்பார். ஆறு முறை எடுத்திருக்கிறார். ஆறும் மெய். மூணு பேரு இன்டைக்கும் உசிரோட இருக்காங்க. மத்தவங்கட கோலுக்கு நான் செருப்புப் போட்டுக்கொண்டு போவேன். இவர்ட கோலுக்கு வெறுங்காலோட ஓடுவேன்."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஆகாது என்று தான் நிறுத்தி வைத்த மனிதர் ஊருக்குக் காவல் படுத்திருக்கிறார். இது எப்படி அவளுக்குத் தெரியாமல் போனது? தீபாவளிக்கு வேட்டி கொடுக்கப் போகிறவள் வேட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடிவந்துவிடுவாள். அவருடைய முகத்தை நேருக்கு நேர் பார்த்து நிற்க அவளால் ஆனதில்லை.

பெரியாஸ்பத்திரி சவச்சாலை வாசலில் குமாரசிங்கம் காத்துநின்றார். யாழ்ப்பாணத்துக்காரர்; பதுளையில் பள்ளிக்கூடம் நடத்தி ஓய்வு பெற்று, ஊருக்குத் திரும்பாமல் சங்கத்து வண்டியோடு திரிகிறவர். வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தான்வரை பூட்டியிருப்பார். மரண விசாரணை முடிந்து பத்திரம் கையில் இருந்தது. நித்திரையில் இதயம் நின்றிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது.

"பிள்ளை, இஞ்ச இருங்கோ. ஒரு விஷயம் சொல்லவேணும்," என்று வாங்கு பெஞ்சில் உட்கார வைத்தார். "காலமை ஆறு பத்துக்கு கோல் வந்தது. வீதி கூட்டுற மனிசி ஒண்டு. அவவுக்கு உங்கட அப்பாவை வடிவாத் தெரியும். நான் சொன்னன், அவர் நித்திரையாத்தான் இருப்பார், பலகையைப் பார் எண்டு. அவ சொன்னா, பலகையைக் காணேல்லை எண்டு."

ஸரூக் சுவரோடு சாய்ந்துகொண்டார்.

"நாங்கள் போய்ப் பாத்தால் அவர் தலைமாட்டில பலகையை நிப்பாட்டேல்லை. எழுத்துப் பக்கம் நிலத்தில படக் கவிட்டுப்போட்டு, அதுக்கு மேல தலையை வைச்சுப் படுத்திருக்கிறார். கையைக் காலை நேரா நீட்டி, வேட்டியை மடிச்சு இழுத்து விட்டிருக்கிறார். ஏழு வருஷத்தில ஒரு நாளும் அவர் அப்பிடிப் படுத்தவரில்லை."

"ஏன் அப்புடி?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

"எனக்குத் தெரிஞ்ச மட்டில ஒரு காரணந்தான் பிள்ளை. பலகையில பொய் இருக்கக்கூடாது எண்டு நினைச்சிருக்கிறார்."

தன்னுடைய நாள் வருவது ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சத்தம் போடாமல், யாரையும் எழுப்பாமல், பலகையை மட்டும் திருப்பி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். விஜயலெட்சுமிக்கு அழுகை வரவில்லை. கோவில் மூலஸ்தானத்துக் கதவு திறக்கும்போது நிற்கிற மாதிரி, எழுந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பத்து எண்ணினேன்," என்றார் ஸரூக். "பொறகு இருவது. பொறகு நூறு வரைக்கும் எண்ணினேன் தங்கச்சி. மாஸ்டர் வந்துதான் என்ட கைய எடுத்து விட்டார்."

உடம்பைக் கொண்டுபோக வாகனம் பேச வேண்டும் என்றாள் அவள். சங்கத்து வண்டியில் சவம் ஏற்றுவதில்லை என்பது ஊரறிந்த சட்டம். அந்தச் சட்டத்தை எழுதி வைத்தவரே குமாரசிங்கம்தான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த வண்டியிலதான் நாங்கள் அவரை முதன்முதல் வீட்டை கொண்டுபோனனாங்கள். அண்டைக்கு வாசலோட விட்டிட்டு வந்திட்டம். வேலை அரைவாசியில நிக்குது. ஸரூக், கதவைத் திற."

*

கல்பீலி லயத்தில் அன்றைக்குத் தப்பு ஒலிக்கவில்லை. குழியும் வெட்டவில்லை. "இந்தத் தடவ மொகத்தப் பாக்காம மம்பட்டியத் தொடமாட்டோம்" என்று ஆம்பிளைகள் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். நல்லம்மா மட்டும் மனசு கேளாமல் இஸ்தோப்பைக் கூட்டி வைத்திருந்தாள்.

மூன்றரை மணிக்கு வான் வளைவில் திரும்பியதும் லயத்தில் ஒரே சிரிப்பும் சத்தமும். ஏனென்றால் அம்புலன்ஸில் வந்தால் ஆள் உயிரோடு என்று அர்த்தம். சவம் லொறியில்தான் வரும். ஜெயரூபன் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தான். "நான் அப்பவே சொன்னேன்ல? தேத்தண்ணி ஊத்திட்டேன் லெச்சுமி, மாமாவ எறங்கச் சொல்லு, சுடச்சுடக் குடிக்கட்டும்."

விஜயலெட்சுமி இறங்கினாள். அவளுடைய முகத்தைப் பார்த்தும் அவனுக்குப் புரியவில்லை. ஸரூக் பின்கதவைத் திறந்தபோதுதான் புரிந்தது. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றான்.

நல்லம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வண்டிக்குள் குனிந்து காதோடு வாயை வைத்துக் கூப்பிட்டாள். "வீரய்யாண்ணே!" இன்னொரு தடவை. "அண்ணே, வெளையாடாதண்ணே!" மூன்றாம் தடவை கூப்பிட்டபோது அவள் குரல் உடைந்தது. அந்த அழுகை கேட்டுத்தான் லயம் நம்பியது. பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். தப்பு ஒலிக்கத் தொடங்கியது.

தலைவர் தோளில் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். ஏழு வருஷத்தில் அவரும் தளர்ந்துபோயிருந்தார். "வாசல்லயே பெஞ்சு போட்டுக் கெடத்துங்கப்பா. வெளிய செத்த ஒடம்பு, உள்ள கொண்டுபோவ வேணாம். நாலு கம்ப நட்டு மேல படங்கக் கட்டுங்க, தூறல் வரும்போல இருக்கு."

"உள்ள வைக்கணும்," என்றாள் விஜயலெட்சுமி.

"எப்புடிம்மா? இவருக்குத்தான் வாசல் வழி ஆவாதே."

"வாசல் வழியா இல்ல."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விறகுக் கொட்டிலுக்குப் போனாள். அலவாங்குக் கடப்பாரையை எடுத்தாள். தண்ணிப் பீப்பாயின் மேல் ஏறி, அங்கிருந்து கொட்டில் கூரைக்கு ஏறி, அங்கிருந்து லயத்துக் கூரைக்கு ஏறினாள். கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பெண்பிள்ளை கம்பனித் தகரத்தின் மேல் மண்டி போட்டு, துருப்பிடித்த ஆணிக்கடியில் அலவாங்கைக் கொடுத்து நெம்புவதை அந்தத் தோட்டம் அதுவரை கண்டதில்லை.

"லெச்சுமி, எறங்கு! துரைகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு…" என்றான் ஜெயரூபன்.

"ஏழு வருசம் கேட்டாச்சு!" என்று மேலிருந்து கத்தினாள். பிறகு இன்னொன்றும் கத்தினாள். தொண்டையில் ஏழு வருஷம் கிடந்தது அதுதான். "துரை மட்டும் இல்ல! நாந்தான் போகச் சொன்னேன்! மழையில நனைஞ்சு வந்து வாசல்ல கால வச்ச மனுசன, புள்ளைக்கு ஆவாதுன்னு நாந்தான் வெரட்டுனேன்! சரிம்மா சரிம்மான்னு போயிட்டாரு!"

தப்பு நின்றுவிட்டது. முதல் ஆணி கிறீச்சென்று கழன்று தகரத்தில் உருண்டு ஓடிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

ஜெயரூபன் கோப்பையைக் கீழே வைத்தான். பீப்பாயில் கால் வைத்தான். அவன் ஏறியதும் மூன்றாம் காம்பராக்காரன் ஏறினான். பிறகு ஏழாம் காம்பராவிலிருந்து இரண்டு பேர், அதற்குப் பிறகு யார் யார் என்று கணக்கில்லை. துரை வந்தால் என்ன சொல்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் எங்கிருந்தோ ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தி, தானே பிடித்துக்கொண்டார். "பாத்து, கைமரத்துல காலு வைங்க" என்று அதட்டினார். இரண்டு தகரம் கழன்றது. குறுக்குச் சட்டம் ஒன்றை அறுத்தார்கள். புகை படிந்து கறுத்த ஓட்டை வழியாக உள்ளே அடுப்பும் நெருப்பும் தெரிந்தன.

"நம்மட ஸ்ட்ரெச்சர் இருக்கு," என்றார் ஸரூக். உடம்பைப் பட்டியால் இறுக்கினார். கயிறு கட்டினார்கள். கீழே இருந்து எட்டுக் கை தூக்க, மேலே இருந்து எட்டுக் கை இழுத்தது. வீரய்யா மெல்ல மெல்ல மேலே போனார்.

கூரையின் உச்சியில், கால் ஊன்றி மூச்சு வாங்குவதற்காக, அவரைத் தோளில் வைத்தபடி ஆம்பிளைகள் கொஞ்ச நேரம் நின்றார்கள். தூறல் விழத் தொடங்கியிருந்தது. பின்னால் மலை, அதற்குப் பின்னால் மஞ்சு. கீழே தெமோதரைப் பக்கம் பதுளைக்குப் போகிற ரயில் கூவிக்கொண்டு போனது. வாசற்படி தாண்டக்கூடாது என்று நிறுத்தின மனிதர் பன்னிரண்டு காம்பராவுக்கும் மேலே கிடந்தார். கீழே நின்ற அத்தனை பேரும் தலையை அண்ணாந்து, சொல்லிவைத்தாற்போல் கையெடுத்துக் கும்பிட்டார்கள். குமாரசிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இப்படி ஒரு காட்சியைத் தாங்கள் பார்க்கப்போகிறோம் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா?

விஜயலெட்சுமி ஓட்டை வழியாக முதலில் உள்ளே குதித்தாள். இரண்டு கையையும் மேலே நீட்டினாள். முதலில் பாதங்கள் வந்தன. அவற்றைத் தாங்கிப் பிடித்தாள்.

"வாங்கப்பா," என்றாள். "உள்ள வாங்க."

*

அடுப்புக்கு அருகே பாயில் கிடத்தினார்கள். சூடு படுகிற இடம். அந்த இடத்தைத்தான் அவர் அன்றைக்குக் கேட்டிருந்தார். ஜெயரூபன் ஆறிப்போன தேத்தண்ணியை மறுபடி சுட வைத்துத் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தான். ஏழு வயதுக் கேசினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தாத்தாவைப் பார்த்தாள். நினைவு தெரிந்து வீட்டுக்குள் அவரை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

வெளியே குமாரசிங்கத்தின் போன் அடித்தது. அவர் ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"ஸரூக், பஸ் ஸ்டாண்டில ஆரோ ஒருத்தன் விழுந்து கிடக்கிறானாம். மூச்சில்லை எண்டு சொல்லுதுகள்."

"குடிச்சிட்டுத் தூங்கிறவனா இருப்பான்," என்றார் ஸரூக். சொல்லிவிட்டு உடனே எழும்பினார். "போவம்."

விஜயலெட்சுமி வாசலுக்கு ஓடி வந்தாள். கையில் பலகை. "கொண்டு போங்கண்ணே. அங்கன யாருக்காச்சும் ஒதவும்."

ஸரூக் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இறங்கிப் போனார். வளைவு தாண்டியதும் சைரன் போட்டார். கழற்றின தகரத்தை யாரும் இன்னும் திரும்ப அடிக்கவில்லை. அந்தச் சத்தம் கூரை வழியாகவும் உள்ளே வந்தது.

"கால்கட்டுப் போடணும்டி. ஒடம்பு வெறைச்சுப் போயிருச்சு," என்று நல்லம்மா வெள்ளைத்துணியில் ஒரு கீற்றுக் கிழித்து அவளிடம் கொடுத்தாள்.

விஜயலெட்சுமி காலடியில் உட்கார்ந்தாள். இரண்டு பெருவிரலையும் சேர்த்தாள். துணியைச் சுற்றுவதற்கு முன்னால் வலதுகாற் பெருவிரலை மட்டும் பிடித்து அமுக்கினாள். கூரைத் திறப்பிலிருந்து ஒன்றிரண்டு துளிகள் பாயின் ஓரத்தில் விழுந்தன. அவளுடைய உதடு மெல்ல அசைவதை நல்லம்மா பார்த்தாள். ஏதோ மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்தாள்.

எட்டில் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு ஒன்பது, பத்து.

துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.